நாற்பதுக்கு மேல் புரோகிராமிங் வேலை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து என்னிடம் வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஃபேக்டரி லைனில் நிற்பவர், செம்பனை லோரி ஓட்டுபவர், ஜாகா (காவல்) வேலை பார்ப்பவர், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலை தேடும் அக்காமார். நான் செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோடும் இடத்தில் கிராணியாக இருந்து, பிறகு புரோகிராமிங்குக்கு வந்தவன். இப்போது அதுவே என் பிழைப்பு. எல்லாரும் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு 43 வயது. இனிமேல் முடியுமா?

முடியும். 2013 ஜூலை முதல் நம் நாட்டில் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உங்களுக்கு இன்னும் 17 வருடம் இருக்கிறது. ஒரு தொழிலைக் கற்று, அதில் நிலைத்து, சம்பாதிக்கப் போதுமான காலம் அது.

ஜப்பானில் வாகாமியா மசாக்கோ என்ற அம்மையார் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2017இல், 81 வயதில், ஐபோனுக்கு ஒரு பொம்மை அடுக்கும் விளையாட்டைத் தானே எழுதி வெளியிட்டார். மூளைக்கு வயதாகிவிட்டது என்பவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன். ஆனால் ஒன்று, அந்த அம்மாவுக்கு அதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. ஆகவே உங்களுக்கு நெருக்கமான உதாரணம் குவின்சி லார்சன். பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர், முப்பது வயதைத் தாண்டித்தான் நிரல் (புரோகிராம்) எழுதக் கற்றார். பிறகு 2014இல் ஃபிரீகோட்கேம்ப் என்ற இலவசக் கல்வித் தளத்தைத் தொடங்கினார்.

நாற்பது வயதில் குறைவது நேரமும் கையிருப்பும். படிக்கும் திறன் அப்படியேதான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் நேரத்தையும் காசையும் பற்றி அதிகமாகப் பேசுகிறேன்.

எவ்வளவு காலம் ஆகும்?

வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக என்று படித்தால், வேலை கேட்கும் அளவுக்கு வர ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். மூன்றும் ஆகலாம். மூன்று மாதத்தில் புரோகிராமர் ஆக்குகிறேன் என்று சொல்பவர் எதையோ விற்கிறார்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படித்தால் சீக்கிரம் முடியுமே?

தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

சம்பளம் நின்ற மூன்றாவது மாதத்திலிருந்து படிப்பு ஏறாது. வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளையின் டியூஷன் இவைதான் மண்டையில் ஓடும். அப்புறம் கிடைத்த வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். படித்தது பாதியில் நிற்கும்.

பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை இழந்தவருக்குச் சில மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு, பயிற்சிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் அது கிடைக்காது. ஆட்குறைப்பில் போனவர், கம்பெனி மூடிப்போனவர், கம்பெனி கேட்டுக்கொண்டதால் தாமாக விலகும் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், இப்படிப்பட்டவர்களுக்குத்தான். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று இபிஎஃப், அதாவது ஊழியர் சேம நிதி. 2024 மே மாதத்திலிருந்து மாதச் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் விழுகிறது. அதை எடுத்து ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குக் கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதில் ஆறு மாதம் உட்கார்ந்து பாருங்கள். ஆறு மாதம் தாக்குப் பிடித்தவருக்குப் பெரும்பாலும் காசு கட்டிப் படிக்கும் தேவையே வருவதில்லை.

மேலும், இப்போது பார்க்கும் வேலைதான் உங்களுக்கு நிரல் எழுத விஷயம் தரும் இடம். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வோடு) நின்றுவிட்டேன். பட்டம் இல்லாமல் எடுப்பார்களா?

அரசாங்க வேலைக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும் பட்டம் இல்லாதது தடைதான். விண்ணப்பத்தைப் பார்க்காமலே கழித்துவிடுவார்கள். சிறிய, நடுத்தரக் கம்பெனிகளில் முதலாளியே உங்களோடு பேசுவார். அங்கே செய்து காட்டியதற்கு மதிப்பு உண்டு.

பட்டம் வேண்டும் என்று மனதில் இருந்தால் ஏப்பல் என்ற வழி இருக்கிறது. மலேசியத் தகுதி முகவாண்மையின் ஏற்பாடு அது. 21 வயதைத் தாண்டியவர் தம் வேலை அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டில் தேறி, இளங்கலைப் படிப்பில் சேரலாம். பகுதி நேரமாகப் படிக்க வருடங்கள் ஆகும். வேலைக்கு வந்தபின் அதைச் செய்வது நல்லது என்பது என் கருத்து.

கோலாலம்பூருக்குப் பக்கத்துச் சன்வேயில் 42 கேஎல் என்று ஒரு புரோகிராமிங் பள்ளி உண்டு. பாரிஸில் 2013இல் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது. கட்டணம் கிடையாது, சான்றிதழ் கேட்பதில்லை, வாத்தியார் நின்று பாடம் நடத்துவதும் இல்லை. மாணவர்களே ஒருவர் வேலையை ஒருவர் திருத்துவார்கள். ஆனால் நுழைவுக் கட்டத்துக்கே நான்கு வாரம் போல அங்கேயே கிடக்க வேண்டும். பொறுப்பு குறைந்த தம்பி தங்கைகளுக்கு நல்ல இடம். குடும்பஸ்தருக்குக் கஷ்டம்.

எனக்கு ஆங்கிலம் வராது. தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்புக்குப் போய், மலாயில்தான் படித்தேன்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளை ஆறு வயதில் தமிழில் எழுத்துக் கற்று, பதின்மூன்று வயதில் மலாயில் அறிவியல் படித்து, வேலைக்கு வந்தபின் சூப்பர்வைசரின் ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு வளர்கிறது. புது மொழியில் விழுந்து எழுவது நமக்குப் பழகிய விஷயம்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் அதற்கென்றே ஒதுக்கி வைத்த சொற்கள் மொத்தம் 35. அவ்வளவுதான். அவற்றைக் கற்றுக்கொள்ள இலக்கணம் தேவையில்லை. உண்மையில் ஆங்கிலம் தேவைப்படுவது வேறு இடத்தில்: நிரல் ஓடாமல் நிற்கும்போது திரையில் வரும் பிழைச் செய்தியைப் படிக்க. பலர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பயந்து மூடிவிடுகிறார்கள். கடைசி வரியை மட்டும் படியுங்கள். என்ன தவறு என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே. ஒவ்வொரு பிழைச் செய்தியையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதுங்கள். நோட்டு பாதி நிறைவதற்குள் திரும்பத் திரும்ப அதே செய்திகள்தான் வருகின்றன என்று தெரிந்துவிடும்.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்று ஒரு மொழி இருக்கிறது. பயம் தெளிய ஒரு வாரம் அதில் விளையாடிப் பார்க்கலாம், பிள்ளைகளோடு சேர்ந்தும் பார்க்கலாம். வேலைக்கு அது உதவாது. தமிழும் கணினியும் சேராது என்று யாராவது சொன்னால், நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985இலேயே தொடங்கிவிட்டார் என்று சொல்லுங்கள்.

கணக்கில் நான் ரொம்ப மோசம். அல்ஜீப்ரா எல்லாம் மறந்துவிட்டது.

ரப்பர் கட்டிப்பால் விற்றிருக்கிறீர்களா? அல்லது அப்பா விற்றதைப் பார்த்திருக்கிறீர்களா?

எடை 40 கிலோ. ரப்பர் சத்து 50 விழுக்காடு. அப்படியென்றால் காய்ந்த ரப்பர் 20 கிலோ. அன்றைய விலையால் பெருக்கினால் கைக்கு வரும் காசு. வாங்குபவர் சத்து 45 விழுக்காடுதான் என்று சொல்லிவிட்டால் 18 கிலோவுக்குத்தான் காசு, 2 கிலோ போயிற்று. இதைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே மனதில் போட்டு, வியாபாரியிடம் சண்டை போட்டவர்கள் நம் பெரியவர்கள். உங்கள் முதல் நிரல் இதுவாக இருக்கட்டும். எடையைக் கேள், சத்தைக் கேள், விலையைக் கேள், பெருக்கு, காட்டு. இவ்வளவு எழுதினாலே மாறி, உள்ளீடு, கணக்கிடல், வெளியீடு நான்கும் வந்துவிட்டன.

அடுத்து, சத்து 100க்கு மேல் என்று யாராவது தவறாக அடித்தால் மறுத்துத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். அது நிபந்தனை. ஒரு மாதத்து விற்பனையையும் வரிசையாக வாங்கிக் கூட்டச் சொல்லுங்கள். அது சுழற்சி. கோப்பில் எழுதி வைத்து, போன மாதத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நிரல் கற்பதன் முதல் நான்கைந்து மாதம் ஏறக்குறைய இதுதான். அல்ஜீப்ரா இதில் எங்கே வந்தது? விளையாட்டு உருவாக்கம், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி போன்றவற்றுக்குக் கணக்கு நிறைய வேண்டும். கம்பெனிகளில் நடக்கும் பெரும்பாலான வேலைக்குக் கூட்டல், பெருக்கல், விழுக்காடு, பொறுமை போதும்.

எந்த மொழியில் தொடங்குவது?

பைத்தான். அதில் கை பழகியதும் எஸ்கியூஎல், அதாவது அட்டவணைகளில் இருக்கும் தரவைக் கேட்டு எடுக்கும் மொழி. இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். ஃபேக்டரி, ஆலை, மருத்துவமனை, கிடங்கு என்று எந்த ஒப்பிஸிலும் தரவு அட்டவணைகளில்தான் கிடக்கிறது. அதிலிருந்து வேண்டியதை எடுக்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. இணையப் பக்கங்கள் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட். இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்.

இலவசமாக எங்கே படிப்பது?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50, டேவிட் மேலன் நடத்துவது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் பைத்தான் பாடம். மேலே சொன்ன ஃபிரீகோட்கேம்ப். மூன்றும் இலவசம். ஹார்வர்ட் பாடம் மிக அருமையானது, ஆனால் வேகமாகப் போகும். வேலை முடிந்து களைப்போடு உட்காருபவருக்கு ஹெல்சிங்கி பாடத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். சின்னச் சின்னப் பயிற்சிகள், செய்தவுடன் சரியா தப்பா என்று அதுவே சொல்லும். ஒன்றைப் பிடித்து முடிக்கும்வரை மற்றதைத் திறக்காதீர்கள்.

மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப் நடத்தும் இ-லாத்தே தளத்திலும் இலவசப் பாடங்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரும்பாலான கம்பெனிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை அந்தக் கழகத்துக்குப் பயிற்சிக்கென்று கட்டுகின்றன. அந்தக் காசில் உங்களைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மனிதவளப் பிரிவில் கேட்கலாம். யாரும் கேட்காததால் பல இடங்களில் அது சூப்பர்வைசர்களோடு நின்றுவிடுகிறது. எக்ஸெல் வகுப்பு கிடைத்தாலும் போங்கள்.

வீட்டில் இணையம் சரியில்லை என்றால் நாடி மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு பெடி என்றும், அதற்கு முன் இன்டர்நெட் மையம் என்றும் அழைத்தார்கள். கணினியும் இணையமும் இருக்கும்.

லேப்டாப் இல்லை. கைப்பேசியிலேயே கற்கலாமா?

பாடம் பார்க்கலாம், வசதியாக எழுத முடியாது. புதிது தேவையில்லை. பழைய லேப்டாப், 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இருந்தால் போதும். தவணையில் விலை உயர்ந்தது வாங்காதீர்கள்.

அனுபவம் கேட்கிறார்கள். அனுபவமே இல்லாமல் எப்படி வேலை கேட்பது?

எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. பதில் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் இருபது வருட அனுபவம் இருக்கிறது. புரோகிராமிங்கில் இல்லை, சரி. ஆனால் செம்பனைக் குலை ஆலைக்கு வந்து சேரத் தாமதமானால் எண்ணெயின் தரம் ஏன் கெடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டோரில் எந்தச் சாமான் ஏன் குறைகிறது என்று தெரியும். இரவு ஷிஃப்ட் எழுதும் எண்ணும் காலை ஷிஃப்ட் எழுதும் எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று தெரியும். கல்லூரி முடித்து வரும் 23 வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது. அதை நிரலோடு சேர்க்க வேண்டும்.

என் கதையில் நடந்தது இதுதான். ஆலையில் லோரி வாரியாக, தோட்டம் வாரியாகத் தினமும் எடைக் கணக்கைக் கையால் எக்ஸெலில் ஏற்றுவது என் வேலை. அதைச் செய்யும் ஒரு சின்ன பைத்தான் நிரலை எழுதினேன். மேனேஜரிடம் சொல்லி, அனுமதி வாங்கித்தான் ஓட்டினேன். ஒரு மாலை முழுதும் எடுத்த வேலை சில நிமிடத்தில் முடிந்தது. பிறகு மாதாந்தர அறிக்கை, பிறகு பக்கத்து ஒப்பிஸிலிருந்து ஒரு வேண்டுகோள். நேர்முகத் தேர்வில் நான் பேசியதெல்லாம் அந்த எடைக் கணக்கைப் பற்றித்தான். அது உண்மையான ஆட்கள் உண்மையாகப் பயன்படுத்திய நிரல். கேட்டவருக்கு அது போதுமானதாக இருந்தது.

உங்கள் வேலையில் கணினியே இல்லையென்றால் ஊரைப் பாருங்கள். கோயில் திருவிழா நன்கொடைக் கணக்கு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சந்தாப் பட்டியல், ஒட்டுக்கடையின் கடன் நோட்டு. ஒருவருக்காவது தினமும் பயன்படுகிற மாதிரி ஒன்றைச் செய்து, ஆறு மாதம் பழுது பார்த்துக் கொடுங்கள். யூடியூபைப் பார்த்துச் செய்த பத்து மாதிரிகளைவிட இந்த ஒன்று எடுபடும். செய்ததையெல்லாம் கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பிறருக்குக் காட்டும் இணையத் தளம்) போட்டு வையுங்கள். ஆட்களின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், சம்பளம் போன்ற உண்மைத் தரவை மட்டும் அங்கே போடாதீர்கள். கம்பெனிக்காக எழுதியதை அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியிடவும் கூடாது.

முதல் வேலையின் பெயர் புரோகிராமர் என்று இருக்க வேண்டியதில்லை. கணக்கு மென்பொருள் விற்கும் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவி, மென்பொருள் சோதனை, ஃபேக்டரியில் தரவுப் பிரிவு, ஒப்பிஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இவற்றின் வழியாக உள்ளே போகலாம். இப்போது ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சிறிய வியாபாரங்களுக்கும் வந்திருக்கிறது. அதை அமைத்துக் கொடுக்க, கடைக்காரருக்குத் தமிழிலும் மலாயிலும் பொறுமையாக விளக்க ஆள் வேண்டும். நடுத்தர வயதுக்காரர் வந்து சொன்னால் கடைக்காரர் நம்புவார்.

சம்பளம் எப்படி இருக்கும்?

தொடக்கத்தில் குறையலாம். 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஃபேக்டரியில் இதன் மேல் ஓவர்டைம் சேரும். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. அதை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு, ஓவர்டைம் இல்லாத உதவி வேலையின் முதல் சம்பளம் கையில் குறைவாகத்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை ஒரு வருடம் தாங்கும் அளவுக்கு முன்கூட்டியே சேர்த்துவிட்டு மாறுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே? நாம் படித்து என்ன பயன்?

இந்தக் கவலை நியாயமானது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, புதியவர்களுக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலைகளைக் கருவிகளே செய்கின்றன. முதல் படியில் கால் வைப்பது கடினமாகியிருக்கிறது. மறைக்க மாட்டேன்.

ஆனால் எதை எழுதச் சொல்ல வேண்டும், எழுதி வந்தது சரியா, அதன்படி ஆலையில் ஓட்டினால் யாருக்கு நஷ்டம் என்று தெரிந்த ஆள் இன்னும் தேவை. எடைக் கணக்கில் ஈரம், கழிவு கழிக்கும் விதியை அந்தக் கருவி தானாக அறியாது. கற்கும் காலத்தில் அதை வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிழைக்கு என்ன அர்த்தம், தமிழில் சொல் என்று கேளுங்கள். பயிற்சிகளை எழுதித் தரச் சொல்லாதீர்கள். நேர்முகத் தேர்வில் தனியாக எழுதச் சொல்லும்போது தெரிந்துவிடும்.

ஐசி எண்ணைப் பார்த்தாலே வயது தெரியுமே. மறைக்கலாமா?

வயதை மறைக்க வேண்டாம். அதே சமயம் விண்ணப்பத்தில் ஐசி எண்ணையே எழுத வேண்டியதில்லை. வேலை உறுதியானபின் கொடுத்தால் போதும். மோசடிக்காரர் கையில் அது சிக்காமலும் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஐடி வேலை, அனுபவம் வேண்டாம், நல்ல சம்பளம் என்று வருகிறதே?

தொடாதீர்கள். முன்பணம் கேட்டால், பயிற்சிக் கட்டணம் கட்டினால் வேலை உறுதி என்றால், வங்கிக் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ கேட்டால், அது மோசடி. வெளிநாட்டில் கணினி வேலை, வாடிக்கையாளர் சேவை என்று நம்பிப் போய், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடி முகாம்களில் அடைபட்ட மலேசியர்கள் இருக்கிறார்கள். அடி வாங்கி, குடும்பம் பணம் கட்டி மீண்டவர்களும் உண்டு. வேலை தேடும் நம் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

வீட்டு வேலை, பிள்ளைகள், சமையல். நான் எப்போது படிப்பது?

இதை அக்காமார்தான் கேட்கிறார்கள், அண்ணன்மார் யாரும் கேட்டதில்லை. ஆகவே பதில் அண்ணன்மாருக்கு: அவர் படிக்கும் அந்த ஒரு மணி நேரம் பாத்திரமும் பிள்ளையும் உங்கள் பொறுப்பு. நேரம் எது என்று வீட்டில் எல்லாரும் அறியச் சொல்லி வையுங்கள். அக்காவுக்கு ஒன்று மட்டும்: ராத்திரி எல்லாரும் தூங்கியபின் படிக்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு கேட்காது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேசையில், அதே நேரத்தில் உட்காருங்கள்.

வேலை கிடைத்தால் ஊரை விட்டுப் போக வேண்டுமா?

முதல் வருடம் ஒப்பிஸுக்கு நேரில் போகும் வேலையைத் தேடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கற்பதற்கு ஈடில்லை. புதியவரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடும் கம்பெனிகளும் குறைவு. ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், தினமும் போய் வரலாம். முதலில் ஈப்போவில் தேடுங்கள். அங்கே அமையவில்லை என்றால் பினாங்கின் பாயான் லெப்பாஸ், அப்புறம் கோலாலம்பூர். வாரக் கடைசியில் வீட்டுக்கு வர இடிஎஸ் ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது.

ஒரு வருடம் கழித்து, வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கலாம். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் என்று கேட்டுத் தொடங்குங்கள். ஐந்து நாளும் வேண்டும் என்று முதலிலேயே கேட்டால் பெரும்பாலும் மறுப்புதான் வரும்.